கோல்ஃப் கிளப் வாங்கப் போகிறீர்களா? பட்டரில் தொடங்குங்கள், டிரைவர் கடைசியில்

பெங்களூரில் கோல்ஃப் பழக வரும் நம்மவர்கள் பலர், பந்தடிக்கும் மட்டையான கிளப் வாங்கும்போது முதலில் கை வைப்பது, நெடுந்தூரம் அடிக்க உதவும் டிரைவரில்தான். கடையில் கண்ணைப் பறிப்பதும் அது, விலை கூடியதும் அது. நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். குழிக்குப் பக்கத்தில் உதவும் கிளப்பை முதலில் வாங்குங்கள், தூரம் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

விதிப்படி ஒருவர் பையில் அதிகபட்சம் 14 கிளப் இருக்கலாம். குறைந்தது இத்தனை வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. புதிதாக ஆடுகிறவருக்கு ஏழு தாராளம்: பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர், மணலிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ், குறைந்த தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் பிட்சிங் வெட்ஜ், நடுத்தரத் தூரத்துக்கு 9 அயர்ன், 7 அயர்ன் (எண் குறைந்தால் தூரம் கூடும்), அயர்னும் வுட்டும் கலந்த ஒரு ஹைப்ரிட், தரையிலிருந்து தூரமாக அடிக்கும் ஒரு ஃபேர்வே வுட்.

படி 1: முதலில் உங்கள் ஸ்விங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பந்தடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்ச் ஏதாவது ஒன்றுக்குப் போய், 7 அயர்ன் ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி ஒரு கூடை பந்து அடியுங்கள். முதல் பத்துப் பதினைந்து பந்துகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், உடம்பு இளகட்டும். பிறகு பந்து எவ்வளவு தூரம் பறந்து விழுகிறது என்று பாருங்கள். அருமையாகப் பட்ட ஒரே ஒரு அடி கணக்கில்லை, வழக்கமாக விழும் இடம்தான் கணக்கு. தோராயமாக 120 கஜத்துக்குள் விழுந்தால் எடை குறைந்த கிராஃபைட் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), சீனியர் அல்லது லேடீஸ் ஃபிளெக்ஸ் (தண்டு வளையும் அளவு). 120 முதல் 150 வரை என்றால் ரெகுலர். அதையும் தாண்டினால் ஸ்டிஃப். சீனியர் என்பது வளைவின் பெயர், வயதின் பெயர் அல்ல. முப்பது வயதுக்காரருக்கும் அது பொருந்தலாம், தயங்காமல் எடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து சென்னையில் போவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும். சென்னையில் ஆடும் உங்கள் மச்சானின் தூரக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அடுத்து, பந்து கிளப் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு தடித்த பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டு கிளப் முகத்தைப் பார்த்திருக்கும்படி பந்தை வைத்து அடித்தால், மை முகத்தில் ஒட்டும். நாலைந்து பந்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டு, தடங்கள் நடுவில் குவிகின்றனவா, நுனிப் பக்கமும் தண்டை ஒட்டிய குதிப் பக்கமும் சிதறுகின்றனவா என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அயர்ன் வாங்கும்போது இந்தப் படம் உங்களுக்குப் பேசும்.

படி 2: பட்டர்

ஒரு சுற்றில் வேறெந்தக் கிளப்பையும்விட அதிகமாகக் கையில் எடுக்கப்போவது இதைத்தான். அதிதி அசோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பெங்களூர்ப் பெண். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை வந்து, பதக்கத்தை மயிரிழையில் விட்டார். தூரமாக அடிப்பதில் அந்தப் போட்டியில் பலருக்குப் பின்னால் இருந்தவர், பட்டிங்கால்தான் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களோடு சரிக்குச் சரி நின்றார்.

மெலிந்த தலையுள்ள பிளேடு, பருத்த தலையுள்ள மேலட் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. உங்களுக்கு எது என்பதை வீட்டுக் கூடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். தரை டைல்ஸ் இணையும் கோட்டின் மேல் பந்தை வைத்து, இரவல் பட்டரைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுங்கள். தலை கோட்டின் மேலேயே நேராகப் போய்வந்தால் முகம் சமநிலையில் உள்ள மேலட் எடுங்கள். உள்பக்கமாக வளைந்து போய்வந்தால், நுனி கீழே தொங்கும் பிளேடு உகந்தது. கடையில் சோதிக்க, ஷாஃப்டை ஒரு விரலின் மேல் கிடையாகச் சமன் செய்து வையுங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் முதல் வகை, நுனி தரையைப் பார்த்தால் இரண்டாவது.

படி 3: வெட்ஜ்

மணலுக்கு, முகத்தின் சாய்வு 54 அல்லது 56 டிகிரி உள்ள வெட்ஜ் ஒன்று போதும். 60 டிகிரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது கைவந்தவர்களையே சோதிக்கும். பவுன்ஸ் என்ற எண்ணைக் கட்டாயம் பாருங்கள். கிளப்பின் அடிப்பாகம் மண்ணில் புதையாமல் வழுக்க உதவும் கோணம் அது. அடிக்கும்போது மண்ணை ஆழமாகப் பெயர்ப்பவருக்கு 12 டிகிரி வாக்கில் வேண்டும், புல்லை வருடிவிட்டுப் போகிறவருக்கு 8 டிகிரி போதும். மழைக்காலத்தில் ஊறிய செம்மண்ணுக்கு அதிக பவுன்ஸும் மார்ச் மாத இறுகிய தரைக்குக் குறைந்த பவுன்ஸும் நல்லது. முதல் வெட்ஜ் என்றால் 10 டிகிரி வாங்குங்கள், இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

படி 4: அயர்ன்

மார்க்கர் தடம் சிதறியிருந்தால், ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிதறும், கேவிட்டி பேக் அயர்ன்தான் உங்களுக்கு. பின்பக்கத்தைக் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது, தூரமும் பெரிதாகக் குறையாது. பின்பக்கம் குடையாத பிளேடு அயர்ன் பார்க்க அழகு. ஆனால் விரலுக்கு ஏற்ற வீக்கம் வேண்டும்.

பழைய செட் வாங்குகிறவர்கள் எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. முன்பு 7 அயர்ன் என்றால் 34 டிகிரி வாக்கில் இருக்கும். இப்போது ஆரம்பநிலை செட்டுகளில் 28, 30 கூட வருகிறது. அதனால்தான் புதிய 7 அயர்ன் "தூரம் போகிறது". வெவ்வேறு செட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால் டிகிரியைக் கேட்டு, நான்கைந்து டிகிரி இடைவெளி இருக்கும்படி எடுங்கள்.

பழையதில் இன்னும் சில: முகத்து வரிப்பள்ளங்களை நகத்தால் வருடிப் பாருங்கள், விளிம்பு மழுங்கியிருக்கக் கூடாது. கிராஃபைட் ஷாஃப்டில் கீறல் விட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். பிடி இறுகி வழவழத்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். மைதானங்களில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிகளிடம் (caddie) கேளுங்கள், தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் செட் கைமாறப் போகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

படி 5: ஹைப்ரிட், ஃபேர்வே வுட்

3, 4 அயர்ன் வாங்கவே வாங்காதீர்கள், அவற்றின் இடத்துக்குத்தான் இவை. மேலிருந்து கீழாக வெட்டி அடிப்பவர் 25 டிகிரி வாக்கில் ஹைப்ரிட் எடுக்கலாம், உயரமான புல்லிலிருந்தும் பந்தைக் கிளப்பிவிடும். தரையோடு வருடி அடிப்பவருக்கு ஃபேர்வே வுட் சுலபமாக வரும். 3 வுட் வேண்டாம், 18 டிகிரி 5 வுட் அல்லது 21 டிகிரி 7 வுட்.

படி 6: டிரைவர்

5 வுட்டில் பத்துப் பந்து அடித்தால் ஆறேழாவது நினைத்த பக்கம் போகிறது என்றான பிறகு வாங்குங்கள். 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் மாதிரி, நகரத்தின் நடுவே இடம் நெருக்கமாக உள்ள மைதானங்களில் தூரத்தைவிட நேராக அடிப்பதுதான் உதவும். தலையின் கனஅளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, கடையில் உள்ளவை பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கோணம்: 10.5 முதல் 12 டிகிரி. 9 டிகிரி எடுத்தால் பந்து எழும்பாது, பந்து பக்கவாட்டில் வளைந்து போகும் ஸ்லைஸும் கூடும். பந்து வலப்பக்கம் வளைகிறவர்கள், வலக்கை ஆட்டக்காரர் என்றால், பந்தை இடப்பக்கம் திருப்ப உதவும் டிரா பயஸ் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் வலையில் பத்துப் பந்தாவது அடித்துப் பார்க்க விடாத கடையில் பணம் கட்டாதீர்கள்.