பழைய 50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்: பார்த்து வாங்குவதும் மாட்டிப் படம் எடுப்பதும்

அந்தக் கால லைக்கா, கேனான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான (லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்பவை) எஃப்/1.4, எஃப்/1.5 லென்ஸ்கள் (எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்) இன்றைய மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே ஆடும் கண்ணாடி இல்லாதது) நன்றாக வேலை செய்யும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குச் சரிவராது. லென்ஸ் மவுண்டிலிருந்து (லென்ஸை மாட்டும் இடத்திலிருந்து) சென்சார் 28.8 மி.மீ. தூரத்தில் இருந்தாக வேண்டும். உள்ளே கண்ணாடி ஆடும் கேமராவில் அதற்கு இடமில்லை.

படி 1: எதை வாங்குவது?
என் ஓட்டு 1950-களின் கடைசியில் வந்த கேனான் 50 மி.மீ. எஃப்/1.4-க்கு. 39 மி.மீ. திருகு மவுண்ட். விலை குறைவாக வேண்டுமென்றால், ஸைஸ் நிறுவனத்தின் ‘சோனார்’ லென்ஸ் வடிவமைப்பில் சோவியத் நாட்டில் செய்த ஜூப்பிட்டர்-3 (50 மி.மீ. எஃப்/1.5). ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள்: ஸெனிட் எஸ்எல்ஆர் (கண்ணாடி ஆடும் ஃபிலிம் கேமரா) லென்ஸ்கள் சிலவற்றுக்கும் 39 மி.மீ. திருகுதான். அதை மாட்டினால் ஃபோகஸே ஆகாது.

படி 2: டார்ச் அடித்துப் பாருங்கள்
முக்கியமான வேலை இதுதான். அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலு தூசி தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பால் படிந்தாற்போல மங்கல் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேனான் எஃப்/1.8-இல் அபெர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் வரும் மங்கல் பல நேரம் கண்ணாடியையே அரித்திருக்கும், துடைத்தாலும் போகாது. ஆன்லைனில் வாங்குகிறீர்களா? டார்ச் அடித்த படம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

படி 3: அடாப்டர்
லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வளையம் இது. சோனி இ மவுண்டுக்கு 10.8 மி.மீ. தடிமன் அடாப்டர் போதும். பிற்பாடு லைக்கா எம் (திருகு இல்லாத வேறு மவுண்ட்) லென்ஸும் வாங்கும் எண்ணம் இருந்தால், எம் அடாப்டரும் 1 மி.மீ. திருகு வளையமும் தனித்தனியாக வாங்குவது புத்திசாலித்தனம்.

படி 4: கேமரா மெனு
‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர்’ என்ற வசதியை ஆன் செய்யுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் லென்ஸ் 50 மி.மீ. என்று கொடுத்துவிடுங்கள்.

படி 5: படம் எடுப்பது
எஃப்/1.4-இல் ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன ஓரங்களைத் திரையில் நிறம் காட்டும் வசதியை) நம்பாதீர்கள். திரையைப் பெரிதாக்கிக் கண் இமையில் ஃபோகஸ் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் கிட்டே போக முடியாது. ஜூப்பிட்டர்-3 போன்ற சோனார் வகையில் எஃப்/2.8, எஃப்/4 என்று அபெர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். அதனால் எந்த அபெர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே வைத்து ஃபோகஸ் செய்யுங்கள்.

உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இல், எஃப்/1.4-க்கு 1/12,800 நொடி அளவுக்கு ஷட்டர் வேகம் வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் அவ்வளவு தூரம் போகாது. என்டி8 ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 1/1,600-க்கு இறங்கிவிடும். கேனான் எஃப்/1.4-க்கு ஃபில்டர் அளவு 48 மி.மீ.; கடைகளில் தேடி அலைய வேண்டிய அளவு. 48-49 ஸ்டெப்-அப் வளையம் (48 மி.மீ. லென்ஸில் 49 மி.மீ. ஃபில்டரை மாட்ட உதவுவது) ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், லென்ஸோடு வரும் பழைய தோல் உறை பூஞ்சைக்கு நல்ல வீடு. அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். லென்ஸ் இருக்க வேண்டியது 40–50 சதவீத ஈரப்பதம் உள்ள ட்ரை பாக்ஸில் (ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் மூடிய பெட்டியில்).