கணவன் இறந்த வழக்கில் மனைவி: தற்காப்பு வாதத்தை முதல் நாளிலிருந்து கட்டுவது எப்படி

கணவனைக் கொன்றதாக ஒரு பெண் கைதானதும் அவளுடைய வீட்டார் வக்கீலிடம் கேட்கும் முதல் கேள்வி, "பத்து வருஷமா அடிச்சான் சார், அதைச் சொன்னா விட்டுடுவாங்களா?" என்பதுதான். அதை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். அடிபட்ட மனைவிக்கென்று இந்தியச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. பத்து வருஷக் கதையைக் கடைசிப் பத்து நிமிடத்தோடு முடிச்சுப் போட வேண்டும். அன்றைக்கு அவன் கை ஓங்கியபோது உயிர் போய்விடும் என்று அவள் ஏன் பயந்தாள் என்பதற்குப் பழைய அடிகள்தான் சாட்சி.

சம்பவம் 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்திருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும்: கொலைக்குப் பிரிவு 103, தற்காப்புக்கு 34 முதல் 44 வரை. அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ம், 96 முதல் 106 வரையும்.

முதல் மூன்று நாள்

வழக்கு பாதி ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். அவள் உடம்பில் உள்ள காயங்கள் ஆறிக்கொண்டிருக்கும், அதற்குள் அவை பதிவாக வேண்டும்.

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், பெண்ணானால் பெண் மருத்துவர் அல்லது அவர் மேற்பார்வையில். கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, ஸ்டான்லி என்று எந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலும், "காயம் எதுவும் இல்லை" என்று ஒற்றை வரியில் சீட்டு முடிந்துவிடாமல் அவளே ஒவ்வொரு இடத்தையும் காட்டிச் சொல்ல வேண்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, சுண்டுவிரல் பக்கம் உள்ள கன்றல்கள் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியதற்கான அடையாளம். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பே தெரியாமல் போகலாம். கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி, கரகரத்த குரல், விழுங்கும்போது வலி ஆகியவற்றைக் கேட்டு எழுத வைக்க வேண்டும். யாரும் கேட்காததால் ஏடேறாமல் போகும் காயம் இதுதான்.

ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது "போலீஸ் அடித்ததா?" என்று கேட்பார். "இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவதுதான் வழக்கமான தவறு. "போலீஸ் அடிக்கவில்லை. என் கணவர் அடித்த காயங்கள் இவை" என்று சொல்லி, ரிமாண்ட் உத்தரவில் பதியச் சொல்ல வேண்டும். புழல் பெண்கள் சிறையில் சேர்க்கும்போதும் மருத்துவப் பதிவு நடக்கும். அதிலும் அதே காயங்கள் வரவேண்டும். மூன்று ஏட்டில் ஒரே காயம் இருந்தால் பிறகு யாரும் அழிக்க முடியாது.

அவள் அன்று உடுத்தியிருந்த துணியில் அவளுடைய ரத்தமும் இருக்கும். அதை வீட்டார் தொடவோ துவைக்கவோ கூடாது. போலீஸ் கைப்பற்றும்போது மஹசரில் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில்) ஒவ்வொரு உருப்படியும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தி, காகித உறையில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்கலாம். வீட்டைக் கழுவிவிடுவதும், "மாடியிலிருந்து விழுந்துட்டார்" என்று ஊருக்குச் சொல்வதும் எல்லாவற்றையும்விட மோசம். தடயத்தை அழித்த குற்றம் (பிரிவு 238) கூடச் சேரும். அதைவிட, பயந்து கை ஓங்கியவள் திட்டம் போட்டவளாகத் தெரிய ஆரம்பிப்பாள்.

போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகச் செல்லாது. அதை வைத்துக் கண்டெடுத்த கத்தியும் இடமும் மட்டும் செல்லும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம், சொந்தக்காரரிடம், தமிழ்நாட்டு வழக்குகளில் பழக்கமான கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னதாக வரும் பேச்சு சாட்சியமாகலாம். வக்கீல் வருமுன் எவரிடமும் விளக்கம் வேண்டாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது தடையில்லை. சட்ட உதவிச் சட்டப்படி பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு அழைக்கலாம், உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலும் அணுகலாம்.

எந்த வாதம், எந்த வரிசையில்

பிரிவு 38 உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தற்காப்பை அனுமதிக்கும் சூழ்நிலைகளைப் பட்டியலிடுகிறது: சாவு பயம், கொடுங்காய பயம், ஆட்கடத்தல், அமில வீச்சு போன்றவை. பாலியல் வன்முறையும் பட்டியலில் உண்டு. ஆனால் பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் நடத்தும் உறவைச் சட்டம் வன்புணர்ச்சியாக எண்ணுவதில்லை, அதனால் அதை மட்டும் நம்பி வாதம் கட்டக்கூடாது. சாவு பயத்தையும் கொடுங்காய பயத்தையும் முன்னிறுத்துங்கள். எலும்பு முறிவு, பல் உடைதல், பதினைந்து நாள் கடும் வலி ஆகியவையும் கொடுங்காயமே.

அவள் உயிர் உண்மையில் போகும் நிலை இருந்தாக வேண்டும் என்பதில்லை, போகும் என்ற நியாயமான பயம் போதும். தற்காப்பு உரிமை அந்த ஆபத்து இருக்கும் வரைக்கும்தான். அவன் குடித்துவிட்டுத் தூங்கியபின் நடந்தது என்றால் 38-இன் கதவு ஏறக்குறைய மூடிவிடும். அப்போதைக்கு இரண்டாம் வரிசை வாதங்கள் உண்டு.

ஒன்று, தற்காப்பில் எல்லை மீறியது: நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமின்றி. அது கொலையாகாமல், அதைவிடக் குறைந்த குற்றமான பிரிவு 105-க்கு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) இறங்கும். மற்றொன்று திடீர்க் கடும் ஆத்திரமூட்டல். 1961-இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மணி நேரம் கழிந்ததால் ஆத்திரம் தணிய நேரமிருந்தது என்று அந்த வாதத்தை நிராகரித்தது. ஆண் கையில் துப்பாக்கியோடு கோபப்படும் விதத்துக்குத் தைத்த சட்டை அது. வருஷக்கணக்கில் புழுங்கியவளுக்கு அது பொருந்தாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989-இலேயே கவனித்தது: சுயம்புக்கனி வழக்கில், கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த பெண்ணுக்கு, நல்லதங்காள் கதையை நினைவூட்டி, தொடர் ஆத்திரமூட்டலையும் விதிவிலக்காக ஏற்றது. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் இதை எடுத்து வைக்காமல் போவது வக்கீலின் அலட்சியம்.

கனடா உச்ச நீதிமன்றம் 1990-இல் லவாலே வழக்கில், அடிபட்ட பெண்ணின் மனநிலையை விளக்க வல்லுநர் சாட்சியத்தை அனுமதித்தது. இங்கே அது வழிகாட்டி மட்டுமே, கட்டுப்படுத்தாது.

மன வல்லுநரைக் கூப்பிடலாம். ஆனால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிச் சான்றிதழை "புத்தி சுவாதீனம் இல்லை" என்று காட்டிவிடாதீர்கள். அது பிரிவு 22-இன் வேறு வாதம். பயந்து சரியாகக் கணக்குப் போட்டவள் என்பதும், புத்தி பேதலித்தவள் என்பதும் ஒன்றையொன்று அழிக்கும். "நான் அங்கே இல்லவே இல்லை" என்பதையும் தற்காப்போடு சேர்க்க முடியாது.

பழைய தடங்களைத் தோண்டுவது

ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, முதல் ஆவணம். "வழுக்கி விழுந்தேன்" என்று எழுதியிருந்தாலும் தேதியும் காயமும் பேசும். மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் சி.எஸ்.ஆர். ரசீது, 181-க்கு அழைத்த பதிவு, குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை, அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல்செய்தி, வேலை செய்யும் இடத்தில் எடுத்த லீவ் சீட்டு எல்லாம் சேரும். சமரசம் செய்து திருப்பி அனுப்பிய புகாரும் புகார்தான். மற்றவர்களிடம் உள்ள ஆவணங்களை நீதிமன்றம் வரவழைக்க புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94-இல் மனு. எதிர்வீட்டுக் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், முதல் வாரத்திலேயே கேளுங்கள். போன் பதிவுகளைப் புதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழோடு தாக்கல் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு தள்ளிவிடச் சொல்லும்.

இவற்றைக் காவல் அதிகாரியிடமே மனுவாகக் கொடுப்பதும் வீணல்ல. 2012-இல் மதுரை மாவட்டத்தில், மகளிடம் அத்துமீறிய கணவனைக் கொன்ற பெண்ணை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பழைய பிரிவு 100-ஐக் காட்டி விடுவித்தார். அபூர்வம்தான், ஆனாலும் கேட்டால் ஒழிய நடக்காது.

ஜாமீனில் பெண்ணுக்கென்று நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 480-இல் தனிச் சலுகை உண்டு, சின்னக் குழந்தை இருப்பதை மனுவில் முதல் வரியிலேயே சொல்லுங்கள். 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், அது வருமுன் மனுப் போட்டால்தான் கட்டாய ஜாமீன்.

விசாரணையில்

வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், விசாரணை தொடங்குமுன்பே விடுவிக்கக் கேட்கும் மனு போடலாம். கொலை வழக்கில் பெரும்பாலும் தள்ளுபடியாகும், இருந்தாலும் வாதத்தை முன்கூட்டியே வெளியே காட்டிவிடும். அதை யோசித்துப் போடுங்கள்.

நிரூபிக்கும் சுமை இரண்டு விதம். அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். தற்காப்பைச் சொல்பவள் "இப்படி நடந்திருக்கக்கூடும்" என்ற அளவுக்குக் காட்டினால் போதும், அதை அரசுச் சாட்சிகளிடமிருந்தே வாங்கிவிடலாம். போஸ்ட்மார்ட்டம் டாக்டரிடம்: வெட்டு முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை, எவ்வளவு ஆழம், ரத்தத்தில் மது உண்டா? ஒரே காயமும் போராட்ட அடையாளமும் இருந்தால் தற்காப்பு, முதுகில் பத்துக் குத்து என்றால் அதை விளக்கக் கடினம். விசாரணை அதிகாரியிடம்: இவள் உடம்பில் இருந்த காயங்களை ஏன் குற்றப்பத்திரிகையில் சொல்லவில்லை? 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் காயங்களை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டதைப் பெரிய குறையாகவே எடுத்தது.

கள்ளத் தொடர்பு என்ற நோக்கம் வழக்கில் தானாக முளைக்கும். அவள் போன் பட்டியலை முன்னமே படித்து ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலோடு இருங்கள்.

நடைமுறைச் சட்டப் பிரிவு 351-இல் நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாக "பொய்" என்று மட்டும் சொல்வது தற்காப்பு வழக்கில் தற்கொலைக்குச் சமம். எழுதிய விளக்கம் கொடுக்கலாம்: அன்று மாலை, அவன் வந்த நேரம், எதால் அடித்தான், அவள் கைக்கு எது கிடைத்தது, எங்கே நின்றாள், தப்பிக்க வழி இருந்ததா, குழந்தை எங்கே இருந்தது, பிறகு 108-ஐ யார் கூப்பிட்டார்கள். மருத்துவ ஏட்டோடு ஒரு வரிகூட முரண்படக்கூடாது. சாட்சி சொல்லும் குழந்தைக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பிரிவு 103 என்றால் குறைந்தது ஆயுள். 105-இல், எண்ணத்தோடு என்றால் ஆயுள் அல்லது ஐந்து முதல் பத்து வருஷம், விளைவை அறிந்து மட்டும் என்றால் பத்து வருஷம் வரை. இறங்கித் தண்டனை வந்தாலும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள். மேல்முறையீட்டோடு தண்டனை நிறுத்தி வைக்கும் மனுவையும் அதே நாளில் கொடுங்கள், தனியாகப் பிறகு போட்டால் அவள் அதுவரை புழலில் இருப்பாள்.