ஊசி வரும்வரை ஆணுறை: ஒழுங்காகப் பாவிக்கும் விதம்

ஆண்களுக்கான கருத்தடை ஊசி பற்றி ஃபோனில் செய்தி சுற்றுகிறது. ஆனால் ஹோர்மோன் கலக்காத, நினைத்த நாளில் நிறுத்தக்கூடிய, நம்பத்தக்க ஆண் கருத்தடை இன்றைக்கு ஆணுறை ஒன்றுதான். பிழையில்லாமல் பாவித்தால் ஒரு வருடத்தில் 100 தம்பதிகளில் 2 பேருக்குக் கரு தங்கலாம். சாதாரணப் பாவனையில் அது 13 ஆகிறது.

முதலில் வைக்கும் இடம். மலைநாட்டுக் குளிர் ரப்பரை ஒன்றும் செய்யாது. லயத்துக் குசினியில் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதும், வெயிலில் கொதிக்கும் தகரத்தடியில் செருகுவதும், காற்சட்டைப் பையில் மாதக்கணக்கில் சுமப்பதும்தான் அதைக் கெடுக்கும். காலாவதித் திகதியைப் பாருங்கள். ஆணுறைப் பக்கற்றை அழுத்தினால் உள்ளே காற்று தெரிய வேண்டும். பல்லால் கடித்துத் திறக்காதீர்கள்.

உடல்கள் தொடுவதற்கு முன்பே போட வேண்டும். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டுங்கள். உருளாவிட்டால் மறுபக்கமாக வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடாமல் வீசிவிட்டுப் புதிதை எடுங்கள். முதலில் பட்ட துளியிலேயே விந்தணு இருக்கலாம். தேங்காயெண்ணெய், வாசலின் எதுவும் பூசக் கூடாது, சில நிமிடத்தில் ரப்பர் பலமிழக்கும். வழுக்கல் வேண்டுமென்றால் நீரில் கரையும் ஜெல். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது வெறும் கடைப்பேச்சு, உரசிக் கிழியும். முடிந்ததும் விறைப்பு தளர முன்னரே அடிவளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

கிழிந்துவிட்டால் மனைவி 72 மணித்தியாலத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 5 நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பும் போடலாம். தோட்டத்து மிட்வைஃப்பிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

விந்துக் குழாயை வெட்டிக் கட்டும் வாசெக்டமியைத் தற்காலிக முறையாக எண்ணிச் செய்துகொள்ளாதீர்கள். திரும்ப இணைப்பது பெரிய வேலை, பலன் உறுதியில்லை.

இனி, ஃபோனில் சுற்றும் 'ஊசி' பற்றி. இந்தியாவில் சுஜோய் குஹா உருவாக்கிய ரிசக், விந்துக் குழாய்க்குள் செலுத்தும் ஒரு பொலிமர். 303 ஆண்களிடம் சோதித்து, கரு தங்காமல் தடுப்பதில் நல்ல பலன் கண்டார்கள். கழுவி அகற்றினால் வளம் திரும்புவதை விலங்குகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் அது நிறுவப்படவில்லை. ஆகவே யாராவது இந்த ஊசியைத் தருவதாகச் சொன்னால், "எத்தனை பேருக்கு அகற்றினீர்கள், அதற்குப் பிறகு எத்தனை பேருக்குப் பிள்ளை கிடைத்தது?" என்று கேளுங்கள்.

மாத்திரைப் பக்கம், இன்னும் சோதனையில் உள்ள வைசிடி-529 என்ற ஆண் கருத்தடை மாத்திரை இருக்கிறது. விரையில் விற்றமின் ஏ செய்தி போய்ச் சேரும் வழியை அடைத்து விந்தணு உற்பத்தியை நிறுத்துவது அதன் வேலை. 2025இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் 16 பேர்தான். பார்த்தது பாதுகாப்பையும் மருந்து உடலில் எப்படி நடக்கிறது என்பதையும்தான், கருத்தடைப் பலனை அல்ல. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். அதனால் இப்படியான மாத்திரை கடைக்கு வந்தாலும், விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லையென்று தெரியும்வரை ஆணுறையும் கூடவே வேண்டும்.