கடைச் சுவரில் பில்தாத்: வேதவசனத்தை எடுத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. நம்மவர்கள் கடை திறந்தால் கல்லாவுக்கு மேலே மாட்டும் சட்டத்தில் பெரும்பாலும் இந்த வசனம்தான் இருக்கும். புது வீட்டுக் கூடத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும்கூடப் பார்க்கலாம். நானே இரண்டு மூன்று கடைத் திறப்புகளுக்கு இதைச் சட்டம் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வசனம் நம்பிக்கை தருகிறதா, எழுத்து பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, யார் யாரிடம் சொன்ன வார்த்தை இது என்று பார்க்கவில்லை.

சொன்னவன் யோபின் சிநேகிதரில் ஒருவன், சூகியனான பில்தாத். கேட்டுக்கொண்டிருந்தவர் யோபு. ஏழு மகன்கள், மூன்று மகள்கள், பத்துப் பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் கொடிய பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டிருந்த மனுஷன். அவரிடம் பில்தாத் முதலில் சொல்வது 4ஆம் வசனம்: உம்முடைய பிள்ளைகள் தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்தார்கள், அதற்கான ஆக்கினை அவர்களுக்குக் கிடைத்தது என்ற பொருளில். அப்புறம் 5, 6: நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் அவர் உமக்காக விழித்தெழுவார். அதற்குப் பிறகுதான் நம்முடைய 7ஆம் வசனம். முழுதாக வாசித்தால், அது ஆறுதலே இல்லை. 'உன் பிள்ளைகள் கெட்டவர்கள், அதனால் செத்தார்கள். நீ நல்லவனாக இருந்தால் நன்றாக இருப்பாய்' என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் முகத்துக்கு நேராகச் சொன்ன குற்றச்சாட்டு அது.

இதைப் பற்றிக் கர்த்தர் என்ன சொன்னார் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. 42ஆம் அதிகாரத்தில் மற்றொரு சிநேகிதனான எலிப்பாசிடம், உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அந்த இரண்டு பேரில் பில்தாத்தும் அடக்கம்.

இதற்காக அந்தச் சிநேகிதர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எலிப்பாசின் ஒரு வார்த்தையைப் பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் எடுத்துக்காட்டுகிறார். யோபின் முடிவும் கடைசியில் சம்பூரணமாகத்தான் அமைந்தது. அவருடைய முன்னிலைமையைப் பார்க்கிலும் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்கிறது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தினால் அல்ல. நல்லவனுக்கு லாபம், கெட்டவனுக்கு நஷ்டம் என்ற கணக்கை உடைப்பதற்கென்றே அந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கின் வாசகத்தையே நாம் கல்லாவுக்கு மேலே மாட்டுகிறோம். வியாபாரம் படுத்துப்போனால், அதே சட்டம் அந்தக் கடைக்காரரை என்ன கேள்வி கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வசனங்கள் இப்படித் தனித்தனித் துண்டாக நம் கைக்கு வருவதற்கு ஒரு காரணம் எண்கள். மோசேக்கோ பவுலுக்கோ 8:7 என்றெல்லாம் தெரியாது. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர். தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண், நாளடைவில் பிய்த்தெடுக்கவும் வசதியாகிவிட்டது. மற்றொரு காரணம், ஒரு வசனம் மட்டும் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுத்து, அதை வருஷம் முழுவதும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருப்பது எனக்கும் பிடித்த வழக்கம்தான். அட்டை எடுப்பதில் தவறில்லை. அட்டையோடு நின்றுவிடுவதுதான் தவறு.

போன வருஷம் என் மகளுக்கு எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பத்தாம் வகுப்புப் பரீட்சை வருஷம் என்பதால் அவளுக்கு ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் 28, 29 அதிகாரங்களை உட்கார்ந்து வாசித்தோம்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எல்லாரும் பார்க்க உடைத்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். ஜனங்களுக்குக் கேட்க இதமான வாக்கு. அந்த அனனியா அதே வருஷத்தில் செத்துப்போகிறான். எரேமியாவின் கடிதமோ, எழுபது வருஷம் என்கிறது. நம்முடைய 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில் அந்த எழுபது இருக்கிறது.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா, இந்த லெட்டரைக் கேட்ட பெரியவங்க எல்லாரும் திரும்பி வர்றதுக்குள்ள செத்துப்போயிருப்பாங்களேப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம், முக்கால்வாசிப் பேர் செத்துத்தான் போயிருப்பார்கள். அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்டவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். 7ஆம் வசனத்திலும் 11ஆம் வசனத்திலும் எபிரெயத்தில் ஒரே சொல்தான், ஷாலோம். நம் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் 'சமாதானம்' என்றே போட்டிருக்கிறது. அந்த ஊர் நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று 7ஆம் வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. என் மார்க்கு, என் வேலை, என் விசா என்று தனியாளின் வாக்குத்தத்தமாக நாம் வைத்திருக்கும் வசனம், பகைவன் ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்லும் கடிதத்துக்குள் இருக்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்த பிறகு அந்த அட்டை என் மகளுக்குச் சிறிதாகிவிடவில்லை. இன்னும் அவள் வேதப்புத்தகத்தில்தான் இருக்கிறது. அவள் ஜெபத்தில் இப்போது எங்கள் தெருவும் வருகிறது.

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஹால் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முந்தின வசனத்தில் பவுல் பேசுவது பட்டினியைப் பற்றியும் குறைவுபடுவதைப் பற்றியும். காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். ஜெயிப்பதற்கு மட்டுமல்ல, தோற்று நிற்கும்போதும் நிலைகுலையாமல் இருப்பதற்கான பெலன் அது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்குத்தான் அந்த வசனம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

அடுத்த தவறு கொஞ்சம் கசப்பானது. சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." சபைக் கணக்கு எங்கே என்று யாராவது கேட்டால் உடனே வரும் வசனம் இது. ஒருமுறை கட்டட நிதியைப் பற்றி மரியாதையாகத்தான் ஒரு கேள்வி கேட்டேன். பதிலாக இந்த வசனம்தான் வந்தது, கணக்கு வரவில்லை. இரண்டு மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். அங்கே 'அபிஷேகம்பண்ணினவர்கள்' என்பது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தார். சொற்ப ஜனங்களாய், பரதேசிகளாய், ஊர் ஊராய்த் திரிந்தவர்கள். 'தொடாதே' என்று எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். அதாவது, அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து நாதியற்றவர்களைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. அதை அதிகாரத்தில் இருப்பவரே தனக்குக் கேடயமாகப் பிடிப்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். அபிஷேகம் பண்ணப்பட்ட தாவீது ராஜாவிடமே நாத்தான் தீர்க்கதரிசி போய், நீயே அந்த மனுஷன் என்று அவர் குற்றத்தைச் சுட்டிக்காட்டினான். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுத் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்ததற்காகத்தான் பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது. கேள்வி கேட்பது கலகம் அல்ல.

சொல் புரியாமலேயே வாசித்துக்கொண்டு போவதும் ஒரு தவறுதான். நம் சபைகளில் பலர் இன்னும் வாசிப்பது 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் என்ற மிஷனரியின் குழுவினர் திருத்திய மொழிபெயர்ப்பின் தமிழ். அந்த நடை எனக்கு உயிர்; சங்கீதங்களை வேறு நடையில் என்னால் ஜெபிக்க முடியாது. ஆனால் பல சொற்கள் புழக்கத்தில் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளிடம் "பரிதானம் என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு பையன் பரிகாரம் என்றான், மற்றொருத்தி காணிக்கை என்றாள். லஞ்சம் என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும்" என்று யாத்திராகமம் 23:8 சொல்வது, மேசைக்கு அடியில் கைமாறும் கவரைப் பற்றி. சொல் புரியாதவரை அந்த வசனம் யாரையும் உறுத்தாது. 'புறஜாதி' என்று வரும் இடத்தில் இன்றைய காது சாதியைக் கேட்கிறது. மூலத்தில் அது மற்ற தேசத்தாரைக் குறிக்கும் சொல். திருவிவிலியத்தின் 1995 பொது மொழிபெயர்ப்பையோ வேறொரு புதிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் தேவசித்தம் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது சீட்டுக் குலுக்குவது, வாசிப்பது அல்ல.

கடைசியாக, துக்க வீடு. எங்கள் ஊரில் ஒரு அக்காவின் மகன், பத்தொன்பது வயது, பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் வந்து, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28ஐச் சொல்லி, அழக் கூடாது, அழுதால் விசுவாசக் குறைவு என்றார். அந்த அக்கா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுகையை நிறுத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வசனம் பொய் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னால், நாம் என்ன ஜெபிப்பதென்று தெரியாமல் இருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்றும் அதே பகுதி சொல்கிறது. பெருமூச்சுக்கு அங்கே இடம் உண்டு. 88ஆம் சங்கீதத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை புலம்பல், எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. அதுவும் ஜெபம் என்றுதான் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இயேசுவும் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார், அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும்.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால் நான் வசனம் சொல்வதில்லை. காப்பி போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருப்பேன். யோபு 2:13இல் சிநேகிதர் மூன்று பேரும் வந்து, அவருடைய துக்கம் எவ்வளவு கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இருக்கிறது. அந்த ஏழு நாளும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பில்தாத்தும் ஒருவன்.