புகழ்க்கூடத்தில் பெயர் ஏற்றுவதற்கு முன்

வட்டார அளவில் விளையாட்டுப் புகழ்க்கூடம், அதாவது சாதித்தவர்களின் பெயரைத் தகட்டில் பதித்துக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்', தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், யாரை முதல்ல போடலாம்?" என்றுதான். தேர்வுக் குழுக்களில் செயலாளராக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியே பழகியவன் நான். பெயரைப் பேசாதீர்கள், முதலில் விதியை எழுதுங்கள் என்பேன். பெயர் மேசைக்கு வந்துவிட்டால், அதன் பிறகு எழுதுகிற விதியெல்லாம் அந்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

முதலில் எல்லை. நம் வட்டாரத்து ஆள் என்றால் யார்? இங்கே பிறந்தவரா, இங்கே ஆடிப் பழகியவரா, இங்கே வந்து ஆடக் கற்றுக்கொடுத்தவரா? பிறப்பு மட்டும் போதும் என்று வைத்தால், கைக்குழந்தையாகக் குடிபெயர்ந்துபோன சாம்பியன் உள்ளே வந்துவிடுவார். வெளியூரிலிருந்து வந்து முப்பது வருஷம் மைதானத்தில் விசில் ஊதியவர் வெளியே நிற்பார். என் ஓட்டு விசில் ஊதியவருக்கே.

அடுத்து, காத்திருப்புக் காலம். அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க்கூடத்தில், ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆனால்தான் வீரரின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறும். வாக்களிப்பவர்களில் 75 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும். டொராண்டோவில் உள்ள ஐஸ் ஹாக்கி கூடத்தில் மூன்று வருஷம் போதும். வட்டாரக் குழுவுக்கு ஐந்தே நல்லது. கைதட்டல் அடங்கிய பிறகும் பேச என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிடலாம். விதிவிலக்குக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு கிளம்பிய விமானம் கடலில் விழுந்து பேஸ்பால் வீரர் ரொபெர்ட்டோ கிளெமென்டே இறந்தார். கூப்பர்ஸ்டவுனில் அவருக்காக அந்த ஐந்து வருஷத்தைத் தள்ளுபடி செய்து 1973லேயே பெயரை ஏற்றினார்கள்.

நாமினேஷன் வந்ததும் சான்றிதழை வரிவரியாகப் படியுங்கள். "மாநில அளவில் இரண்டாம் இடம்" என்று படிவத்தில் இருக்கும். சான்றிதழை எடுத்தால் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவு. கலந்துகொண்டதே மூன்று அணிகள்தானா என்று பழைய ஸ்கோர் ஷீட்டும் அன்றைய பத்திரிகைச் செய்தியும்தான் சொல்லும். அதெல்லாம் கேவலமில்லை, உள்ளதை உள்ளபடி குழுவின் முன் வைத்தால் போதும். இனிஷியல் மாறியிருந்தால் அது வேறு ஆளாகக்கூட இருக்கலாம், விசாரித்துவிடுங்கள்.

நிஜமான தலைவலி பயிற்சியாளர்கள்தான். வீரருக்கு மெடல் உண்டு, பதிவு உண்டு. கோச்சுக்கு என்ன காகிதம் இருக்கிறது? ஒரு சாம்பியனுக்கு நாலு பேர் "நான் உருவாக்கினது" என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கடைசி கோச்தான் மெடல் போட்டோவில் இருப்பார். பதினோரு வயதில் கால் வைக்கும் விதத்தைத் திருத்தியவர் எந்தப் போட்டோவிலும் இருக்கமாட்டார். அதனால் படிவத்தில் அந்த வீரரையே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்: முதலில் கற்றுக்கொடுத்தது யார், என்ன கற்றுக்கொடுத்தார்? "ரொம்ப ஊக்கம் கொடுத்தார்" என்பது பதிலே இல்லை. "இடது தோளை இறக்கச் சொன்னார், அன்றிலிருந்து வட்டு நேராகப் போனது" என்று எழுதினால் அது சாட்சி. ஜெயிக்காத பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் இன்னும் அந்த மனிதரை மதிக்கிறார்களா என்பது எனக்கு மெடல் கணக்கைவிடப் பெரிய தகவல். அவர்மேல் ஏதாவது புகார் இருந்ததா என்பதையும் அறிவிப்புக்கு முன்பே ரகசியமாக விசாரியுங்கள். பெயரை நீக்கும் விதியும் முதல் நாளிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

வீரர்களையும் பயிற்சியாளர்களையும் ஒரே பட்டியலில் மோதவிடாதீர்கள், கோச் தோற்பார். தனித்தனிப் பிரிவாக வைத்தால் ஒருவரே இரண்டிலும் வரலாம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் அப்படி வீரராகவும் பயிற்சியாளராகவும் இடம்பெற்ற முதல் ஆள் ஜான் வுடன்.

ஓட்டெடுப்பு ரகசியமாக நடக்க வேண்டும். நாமினேஷனில் தன் உறவோ தன் மாணவரோ இருந்தால், அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். போன நேரத்தை மினிட்ஸில் குறியுங்கள்.

பழைய ஆட்களுக்குத் தனிக் குழு வேண்டும். 1975ல் கூடைப்பந்து வீரர் பில் ரஸல், அதே நெய்ஸ்மித் கூடத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை ஏற்க மறுத்தார்; தனக்கு முந்தைய கறுப்பின வீரர்கள் முதலில் வந்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை. அப்படி முந்தியவர்களில் ஒருவரான சக் கூப்பர் 2019ல் சேர்க்கப்பட்ட பிறகுதான், கூடத்தில் இடம்பெறுபவருக்குத் தரும் மோதிரத்தை ரஸல் வாங்கிக்கொண்டார். கூப்பர்ஸ்டவுனிலும் 2006ல் தனிக் குழு போட்டுத்தான், பெரிய லீகுகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் தனியாக ஆடிய லீகுகளையும் அவற்றுக்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த 17 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் அணி உரிமையாளரான எஃபா மேன்லி, அந்தக் கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண்.

தகட்டு வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். "ஒப்பற்ற", "நிகரற்ற" எல்லாவற்றையும் அடித்துவிட்டு வருஷம், போட்டி, தூரம், நேரம் எழுதுங்கள். வார்ப்புக்கு அனுப்புமுன் குடும்பத்தாரிடம் புரூஃப் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதே கிளெமென்டேயின் தகட்டில், கடைசியில் வரவேண்டிய தாய்வழிப் பெயரான வாக்கர் இடம் மாறி நடுவில் வந்துவிட்டது. 2000ல்தான் சரியான பெயரோடு புதிதாக வார்த்து மாட்டினார்கள்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்குச் சாய்தளம் போடுங்கள், வயதானவர்களை முதலில் அழையுங்கள், தலைமை உரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சான்றிதழ், கட்டிங், ஓட்டுக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். தேர்வாகாதவர்களின் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மூன்று வருஷத்துக்கு அது உயிரோடு இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.