அலமாரி கோணாமல் இருக்க இரண்டு குச்சி

அலமாரிச் சட்டத்துக்கு ஃபெவிகால் தடவி, கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்டு முறுக்கும் நேரத்தில்தான் அது கோணிக்கொள்ளும். மூலை 90 டிகிரியா என்று பார்க்கும் மூலைமட்டத்தின் 6 அங்குலத் தகட்டில் கண்ணுக்குப் படாத கோணல், கதவு மாட்டும்போது தெரியும். என் முதல் அலமாரியில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலே தாள்கூட நுழையவில்லை. கீழே ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது.

அதன்பிறகு நான் நம்புவது மூலைவிட்டங்களை. எதிரெதிர்ப் பக்கங்கள் சம நீளமாக இருந்து, இரண்டு மூலைவிட்டமும் சமமானால் நான்கு மூலையும் 90 டிகிரிதான். டேப் உள்மூலையில் வளைந்து 2 மி.மீ. ஏமாற்றிவிடும். அதற்குப் பதில், சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சியை மூலைக்கு மூலை நீட்டி இரண்டு மூலைவிட்டத்தையும் ஒப்பிடலாம். குச்சிக்கு அளவே வேண்டாம்.

முக்கால் அங்குல அகலம், அரை அங்குலத் தடிமனில் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு எடுங்கள். 600-க்கு 450 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 750 மி.மீ. குச்சி ஒவ்வொன்றும் 500 மி.மீ. இருந்தால் நடுவில் 250 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

முதலில் அகலப் பக்கங்களை இழையுங்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டியதுதான், இதில் அவசரம் வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முனையை மட்டும் கூராக்குங்கள். முனையிலிருந்து 1 அங்குலம் உள்ளே கோடு போட்டு, அங்கிருந்து இருபுறமும் நடுவை நோக்கிச் சீவினால் போதும். நுனியை லேசாக மழுக்கிவிடுங்கள். ஊசிபோல் விட்டால் நசுங்கி அளவு மாறும்.

கூர்முனைகள் வெளிப்புறம் பார்க்க, அகலப் பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். இழுத்தால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அந்த இறுக்கம் கைக்கு வர நாலைந்து முறை அவிழ்த்துக் கட்ட நேரலாம்.

சட்டத்தின் மூலையில் பிதுங்கிய பசையைத் துடைத்துவிட்டு, குச்சிகளை நீட்டி இரு நுனியையும் எதிர்மூலைகளில் பதியுங்கள். இரண்டு குச்சியின் பக்கவாட்டிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரே கோடு இழுங்கள். பிறகு அடுத்த மூலைவிட்டத்தில் வையுங்கள். இரண்டு குச்சியிலும் கோடு ஒரே நேராகச் சேர்ந்தால் மூலை சரி. 4 மி.மீ. விலகினால் நீளமான மூலைவிட்டம் 2 மி.மீ. குறைந்தால் போதும், மற்றது தானாக 2 மி.மீ. கூடும். நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளுக்குக் குறுக்கே கிளாம்ப் போட்டு மெதுவாக முறுக்கி, மறுபடி பாருங்கள்.

பசை இறுகிக் கிளாம்பைக் கழற்றியதும் இன்னொரு முறை குச்சியை வையுங்கள். சரியாக இருந்தால் அப்போதே பின்பலகையை அடித்துவிடுங்கள். அதற்குமேல் சட்டம் அசையாது.