பழைய ரேஸ் மோட்டருக்கு டைமிங் வைப்பது எப்படி?

மாமா விட்டுச்சென்ற இரட்டைச் சிலிண்டர் ரேஸ் அவுட்போர்ட் மோட்டரை (படகின் பின்பக்கம் பூட்டுவது), திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மினக்கெட்டுச் சரிசெய்தேன். பொயின்ட் (திறந்ததும் பிளக்கில் பொறி வரவைக்கும் சிறு தொடுமுனை), மக்னீட்டோ (காந்தத்தால் பொறிக்கு மின்சாரம் தருவது) உள்ள டூ-ஸ்ட்ரோக் மோட்டர்களுக்கான முறை இது. பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை பாகை முன்பு பொறி வருகிறது என்பதுதான் டைமிங்.

முதலில் பொயின்டைத் துப்புரவாக்கி இடைவெளியை வையுங்கள். என்னுடையதற்கு 0.020 அங்குலம். இடைவெளி கூடினால் பொயின்ட் முந்தித் திறக்கும், டைமிங்கும் முந்திவிடும். அதனால் இந்த வேலைதான் முதலில்.

அடுத்து, பிஸ்டனின் உச்சி. நான் தடுமாறியது இங்கேதான். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூட்ரைவரை விட்டு, அது ஏறி நின்ற இடத்தை உச்சி என்று குறித்தேன். ஆனால் உச்சியில் பிளைவீல் சில பாகை திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்குத் தெரியாது. என் குறி பிழைத்தது அப்படித்தான். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, முனை மழுங்கிய போல்ட் ஒன்றை அதில் இறுக்கிப் பிளக் ஓட்டையில் பூட்டுங்கள். பிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டும். அங்கே ஒரு குறி. மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுதான் உச்சி. போல்ட்டைக் கழற்ற மறக்காதீர்கள்! 180 மி.மீ. விட்டமுள்ள பிளைவீலின் விளிம்பில் ஒரு பாகை ஏறத்தாழ 1.57 மி.மீ. நாடாவால் அளந்து குறிக்கலாம். பிளக் ஓட்டை சரிவாக இருந்தால் டயல் கேஜ் பிழையாகக் காட்டும், எனக்கு நாடாவே போதும்.

பொயின்ட் திறப்பதைப் பார்க்க, மின்தொடர்பு இருக்கும்வரை சத்தம் போடும் மீட்டர்தான் நல்லது. கொயில், கொண்டென்சர் வயர்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பொயின்ட் திறந்த பிறகும் கொயில் வழியாக மீட்டர் கத்திக்கொண்டே இருக்கும். திரொட்டிலோடு சேர்ந்து, பொயின்ட் பூட்டிய தகடு திரும்பும் மோட்டரானால், அதை முழுவேக நிலைக்குக் கொண்டுவந்து அளவெடுங்கள்.

சரி, உச்சிக்கு எத்தனை பாகை முன்பு பொயின்ட் திறக்க வேண்டும்? மோட்டரின் கையேட்டு அளவைவிட 2 பாகை குறைத்துத் தொடங்குங்கள். நம் வெயிலில் சூடான காற்று உள்ளே போகிறது, தட்டல் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) எளிதில் வரும். ஒக்டேன் 95 பெட்ரோலே போடுங்கள். முழுவேகத்தில் ஓட்டி, அப்படியே நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். பீங்கானில் வெள்ளிப் பொட்டுகள் இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. உடனே டைமிங்கைப் பின்னுக்கு எடுங்கள். பீங்கான் சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு பாகையாகக் கூட்டலாம், கையேட்டு அளவைத் தாண்டாமல்.

பின்சேர்க்கை: கிண்ணியா வாசகர் ஒருவருக்கு ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறியது. மாறிமாறி வெடிக்கும் இரட்டைச் சிலிண்டரில் இரண்டாவது பொயின்ட் சரியாக 180 பாகை கழித்துத் திறக்க வேண்டும். தகட்டைத் தொடாமல், அந்தப் பொயின்டின் இடைவெளியைச் சற்றே மாற்றிச் சரிசெய்யுங்கள்.